‘ரேடியோ நெல்’ தெரியுமா?

நெல்லில் எத்தனையோ ரகங்கள் உண்டு. ‘ரேடியோ நெல்’ என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்ற ரகம்தான் அது. 1960-களில், இதை எப்படிப் பயிரிட வேண்டும் என்று திருச்சி வானொலி நிலையம் சொல்லிக்கொடுத்தது. தஞ்சை விவசாயிகள் கேட்டார்கள், பயிரிட்டார்கள். வானொலியால் பரவிய நெல் அல்லவா? ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

இனி போடிநாயக்கனூருக்கு வருவோம். மேற்கே பார்த்தால் ஏலமலை. ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். ஆனால் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் காய்கள் அழுகும். அதைத் தடுக்க, மழைக்கு முன்பே மருந்து தெளிக்க வேண்டும். தெளித்த கையோடு மழை கொட்டினால்? மருந்தும் போச்சு, கொடுத்த கூலியும் போச்சு!

போடியில் வெயில் காயும்போதே போடிமெட்டில் சாரல் அடிக்கும். பல மாவட்டங்களுக்கும் பொதுவாகச் சொல்லும் வானிலைச் செய்தி மட்டும் இந்த விவசாயிக்குப் போதாது. அவருடைய மலைச்சரிவில் என்ன நடக்கும் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இப்படிப்பட்ட தேவைக்கு ஏற்றது சமுதாய வானொலி. இது சில கிலோமீட்டர் தூரம் மட்டுமே கேட்கும் குட்டி வானொலி நிலையம். 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இத்தகைய நிலையம் தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இதை நடத்த அரசு அனுமதித்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி.

2008-ல், இன்று தெலங்கானாவில் உள்ள மாச்சனூரில் ‘சங்கம் ரேடியோ’ தொடங்கியது. அதில் விதைகளைப் பற்றியும் சிறுதானியங்களைப் பற்றியும் பேசியவர்கள் யார் தெரியுமா? கிராமத்து விவசாயப் பெண்களே!

மலையில் ஒரு சிக்கல் உண்டு. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேராகவே செல்லும். குறுக்கே மலை நின்றால் தடுத்துவிடும். அதனால் கோபுரத்தை உயரமான இடத்தில் அமைக்க வேண்டும். கொடைக்கானல் பண்பலை பல மாவட்டங்களில் கேட்பதும் அது மலைமேல் இருப்பதால்தான்.

குழந்தைகளே, உங்கள் ஊரில் ஒரு விவசாயியிடம், “ஐயா, இந்த வாரம் உங்களுக்கு என்ன விவரம் தெரிய வேண்டும்?” என்று கேட்டு எழுதி வையுங்கள். விவசாயிக்கு உதவும் வானொலி நிகழ்ச்சி, அவர் கேட்கும் கேள்வியில்தான் தொடங்குகிறது!