தண்ணீரின் மூச்சு: ஒட்சிசன் மீற்றர் சொல்வதும் சொல்லாததும்

இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துக்கு முதலில் வேண்டியது கூரை என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் வந்து இறங்கிய அன்றே அம்மாமார் கேட்கும் முதற் கேள்வி, “தண்ணி எங்க எடுக்கிறது?” என்பதுதான். கூரை இல்லாமல் ஓரிரவைக் கழிக்கலாம். தண்ணீர் இல்லாமல் ஒரு நேர உலையைக்கூட வைக்க முடியாது.

ஊவா மாகாணத்து மக்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண்சரிவு பல குடும்பங்களை வீடிழக்கச் செய்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. உமா ஓயாத் திட்டத்துக்காக வெட்டிய சுரங்கத்தினுள் நீர் கசிந்தபோது, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் நாம் மறக்கவில்லை. பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கங்களில் அடைமழை பெய்தால் இன்றும் மலையைப் பார்த்தபடியே இரவைக் கழிக்கும் குடும்பங்கள் உண்டு.

பழைய இடத்தில் எந்தப் பீலித் தண்ணீர் நல்லது, எந்த ஊற்று வைகாசிக்குப் பின் வற்றும், எந்தக் கானில் கழிவு ஓடும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்தன. புதிய இடத்தில் அந்த அறிவு இல்லை. அந்நிலையில் நீரைச் சோதிக்க வருவோர் கையில் சிறிய கருவி ஒன்றைக் காண்கிறோம். நீண்ட வயரின் நுனியில் உள்ள கோலை நீரில் அமிழ்த்துகிறார்கள். சற்று நேரத்தில் ‘7.2’ என்றோ ‘4.1’ என்றோ திரையில் எண் தெரிகிறது. சூழ நிற்பவர்கள் கேட்கிறார்கள்: “தண்ணி நல்லதா?” இக்கேள்விக்கு அக்கருவி எந்த அளவுக்குப் பதில் சொல்லும்? இதை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். தவறாக விளங்கிக்கொண்டால் அதன் விலையைக் குழந்தைகளின் வயிற்றோட்டத்தில் செலுத்த நேரிடும்.

ஒட்சிசன் நீருக்குள் வருவது எப்படி?

மீனும் நண்டும், நீரில் வாழும் பூச்சிப் புழுக்களும் மூச்சு விடுவது நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைக் கொண்டே. இது இரு வழிகளில் நீரைச் சேர்கிறது. ஒன்று, காற்றிலிருந்து. கல்லில் மோதி, நுரைத்து, விழுந்து ஓடும் நீர் கூடுதலாக ஒட்சிசனைப் பெறும். மற்றது, நீருக்குள் வாழும் பச்சைத் தாவரங்களும் பாசிகளும் பகல் வெளிச்சத்தில் வெளிவிடுவது.

அதைச் செலவழிப்போரும் உண்டு. சாணம், மலக்கழிவு, சமையற் கழிவு, அழுகிய இலை, செத்த பிராணி ஆகியவற்றைத் தின்று சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஒட்சிசனைப் பெருமளவில் இழுத்துக்கொள்கின்றன. எனவே ஓடையொன்றில் ஒட்சிசன் திடீரெனக் குறைந்தால், மேலே எங்கோ ஏதோ அழுகுகிறது என்று ஐயப்பட வேண்டும். கருவியின் பெரும் பயன் இதுவே.

எண்ணுக்கு என்ன பொருள்?

மீற்றர் பெரும்பாலும் இரு விதமாக எண்ணைக் காட்டும். ஒரு லீற்றர் நீரில் எத்தனை மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு என்பது ஒன்று. அந்த வெப்பநிலையில் அந்நீர் தாங்கக்கூடிய அளவில் எத்தனை வீதம் இருக்கிறது என்பது மற்றொன்று.

குளிர்ந்த நீர் கூடுதலாகவும் சூடான நீர் குறைவாகவும் ஒட்சிசனைத் தாங்கும். கடல் மட்டத்தில் 20 பாகை செல்சியஸில் நல்ல நீர் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் வரை தாங்கும். 30 பாகையில் அது 7.6 ஆகக் குறையும். உயரம் கூடினாலும் தாங்கும் அளவு குறையும், ஏனெனில் மேலே காற்றின் அழுத்தம் குறைவு. பதுளை நகர் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. 25 பாகையில் கடலோரத்து நீர் 8.3 வரை தாங்கும்போது, பதுளையில் 7.6 அளவே தாங்கும். ஆகவே கொழும்பிலிருந்து வந்த கருவியில் உயரத்தைத் திருத்தாமல் இங்கு அளந்தால், அது உண்மையைவிடக் கூடுதலான எண்ணையே காட்டும்.

பொதுவாக 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்கள் நலமாக வாழும். 3க்குக் கீழே இறங்கினால் அவை திணறும். 2க்கும் கீழே நெடுநேரம் நின்றால் பல இனங்கள் இறந்துபோகும். வெள்ளைக்காரர் மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்ட திரவுட் மீனுக்குக் குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த நீர் கட்டாயம் தேவை. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குறைந்த ஒட்சிசனையும் தாக்குப்பிடிக்கும்.

துன்ஹிந்தவிடம் கற்கும் பாடம்

பதுளு ஓயா பதுளை நகரைத் தொட்டு ஓடி, 64 மீற்றர் உயரத்திலிருந்து துன்ஹிந்த அருவியாக விழுந்து, பின்னர் மகாவலியோடு சேர்கிறது. நகரைத் தாண்டிவரும் எந்த ஆறும் நகரின் கழிவில் ஒரு பங்கைச் சுமந்தே வரும். அத்தகைய நீர் இவ்வளவு உயரத்திலிருந்து பால்போல் நுரைத்து விழும்போது காற்றோடு கலந்து ஒட்சிசனை நிறையப் பெறும். அருவியின் அடியில் கோலை அமிழ்த்தினால் எண் உயர்ந்தே நிற்கும். அதைக் கண்டு அந்நீரை அள்ளிக் குடிக்கலாமா? கூடாது. அருவியில் விழுவதால் மலத்திலிருந்து வந்த கிருமிகள் சாவதில்லை. அவை கண்ணுக்கும் தெரியா, இந்த மீற்றருக்கும் தெரியா.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஆழமான குழாய்க் கிணற்று நீர் காற்றைக் காணாமல் நிலத்துக்கடியில் கிடப்பதால், அதில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கலாம். அதனால் மட்டும் அது கெட்ட நீர் ஆகிவிடாது. இரும்பு கரைந்த நீராயின் வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருநிறமாக மாறும். ஆடையில் கறை படியும், வாயில் சுவை கெடும்.

மூன்றாவது உதாரணம் நம் அடுப்பிலேயே உள்ளது. நீரைக் கொதிக்க வைத்தால் ஒட்சிசன் வெளியேறிவிடும். மூடி ஆறவைத்த அந்நீரில் மீற்றரை இட்டால் எண் தாழ்ந்து நிற்கும். ஆயினும் கிருமிகளைப் பொறுத்தவரை வீட்டில் உள்ள பாதுகாப்பான நீர் அதுவே. கொதித்த நீர் சப்பென்று இருப்பதாகப் பிள்ளைகள் முறையிட்டால், சுத்தமான இரு பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். காற்றுக் கலந்து சுவை திரும்பும்.

ஆக, இந்த எண் நீரின் மூச்சைச் சொல்கிறது. குடிக்கலாமா என்பதைச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் குடிநீரில் கரைந்த ஒட்சிசனுக்கு உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்ட எல்லை எதையும் வகுக்கவில்லை. யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்றையோ, தோட்டங்களில் அடிக்கும் மருந்தையோ, மலக்கிருமியையோ இக்கருவி காட்டாது. “மீற்றரில் நல்ல எண் வந்தது, குடியுங்கள்” என்று எவராவது சொன்னால், “கிருமிப் பரிசோதனை செய்தீர்களா?” என்று மரியாதையோடு கேட்க வேண்டும்.

அளக்கும் முறை

1888இல் லாயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரிய இரசாயனவியலாளர் போத்தலில் நீரைப் பிடித்து, இரசாயனங்கள் சேர்த்து ஒட்சிசனை அளக்கும் முறையைக் கண்டார். ஆய்வுகூடங்களில் அது இன்றும் பயன்படுகிறது. 1950களில் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் மெல்லிய சவ்வு மூடிய மின்வாயை உருவாக்கினார். கையடக்க மீற்றர் அதிலிருந்து வளர்ந்தது. அண்மைக் காலத்தில் ஒளியைக் கொண்டு அளக்கும் கோல்களும் வந்துள்ளன. எந்த வகையாயினும் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

1. கோலின் நுனியில் சவ்வு இருந்தால் அதில் கிழிசலோ உள்ளே காற்றுக் குமிழோ இருக்கக் கூடாது. இவ்வகைக் கருவிகள் சிலவற்றை இயக்கிய பின் 10 அல்லது 15 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

2. அளப்பதற்கு முன் ஈரமான காற்றில் வைத்து 100 வீதத்துக்குச் சரிசெய்ய வேண்டும். இடத்தின் உயரத்தையோ காற்றழுத்தத்தையோ கருவிக்குக் கொடுக்க வேண்டும்.

3. நீரை வாளியில் கொண்டுவந்து அளக்கக் கூடாது. அள்ளி ஊற்றும்போதே புதிய காற்றுச் சேர்ந்துவிடும். ஓடையிலோ கிணற்றிலோ நேரடியாகவே அளக்க வேண்டும்.

4. சவ்வுக் கோல் தன்னைச் சுற்றியுள்ள ஒட்சிசனைத் தானே செலவழிக்கும். தேங்கிய நீரில் அதை மெல்ல அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். எண் அசையாமல் நின்ற பின்னரே எழுத வேண்டும்.

5. எண்ணோடு திகதி, நேரம், இடம், ஆழம், நீரின் வெப்பநிலை, முதல்நாள் மழை பெய்ததா என்பவற்றையும் கொப்பியில் குறிக்க வேண்டும். இவை இல்லாத எண் பின்னர் எதற்கும் உதவாது.

ஒருமுறை, ஓரிடத்தில் மட்டும் அளப்பதிலும் பயன் குறைவு. அமெரிக்காவின் ஒகாயோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் 1925இல் ஓர் உண்மையை விளக்கினர். கழிவு சேரும் இடத்திலேயே ஒட்சிசன் முழுவதாக விழுந்துவிடுவதில்லை. ஆறு இறங்கிப் போகப் போகக் குறைந்து, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பின்னர் மெல்ல மீளும். எனவே குடியிருப்புக்கு மேலே ஓரிடம், நடுவில் ஓரிடம், கீழே ஓரிடம் என மூன்றிலாவது அளக்க வேண்டும். ஊவாவில் ஆனி தொடக்கம் புரட்டாதி வரை வறட்சி. நீர் குறைந்து சூடேறும் அக்காலத்தில் கட்டாயம் ஒருமுறை அளக்க வேண்டும்.

மீன்குட்டை வைத்திருப்போருக்கு

புதிய காணியில் சிறு குட்டை வெட்டி மீன் வளர்ப்போருக்கு இந்த மீற்றர் உண்மையில் தோழன். பகலில் பாசி ஒட்சிசனைத் தரும். இரவில் அதே பாசி மீனோடு போட்டியிட்டு ஒட்சிசனை எடுக்கும். ஆகையால் எண் மிகத் தாழ்வது விடியலுக்குச் சற்று முன்னரே. மாலை மூன்று மணிக்கு அளந்து, 100 வீதத்துக்கு மேல் கண்டு மகிழ்ந்தவரின் குட்டையில் மறுநாள் காலை மீன்கள் மிதக்கக்கூடும். நீர் கடும் பச்சையாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். சாணத்தையும் உரத்தையும் அளவுக்கு மீறிப் போட்டால் நிகழ்வது இதுவே.

மீற்றர் இல்லாதோரும் விடிகாலையில் குட்டையடிக்குப் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது ஆபத்தின் அறிகுறி. உடனே தீனியையும் சாணத்தையும் நிறுத்துங்கள். ஓடை நீர் இருந்தால் உள்ளே விடுங்கள். துளையிட்ட தகரத்தின் வழியாக நீரை உயரத்திலிருந்து ஊற்றுவதும் உதவும்.

நாம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு குடும்பமும் இக்கருவியை வாங்க வேண்டியதில்லை. ஒரு சங்கத்துக்கு ஒன்று போதும். பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இருவரைப் பழக்கினால் கொப்பியை அவர்களே எழுதுவார்கள். மூன்று மாத எண்கள் சேர்ந்தால், மேலே எந்த இடத்திற்குப் பிறகு நீர் கெடுகிறது என்பது தெரியவரும். மலசலகூடக் குழியா, மாட்டுப்பட்டியா, கடைவீதிக் கழிவா என்று பின்னர் நடந்து போய்த் தேடலாம்.

குடிநீர் பற்றிய முடிவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, கிருமிப் பரிசோதனை கேளுங்கள். விடை வரும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள். வெள்ளமோ மண்சரிவோ கடந்த கிணறாயின், இறைத்துச் சுத்தம் செய்து குளோரின் இட்டு, சோதிக்கும்வரை குடிப்பதற்கு அதை எடுக்காதீர்கள்.

மாற்றுக் காணி காட்டப்படும்போது நிலத்தின் உறுதியைக் கேட்கிறோம். அது சரியே. அதே கூட்டத்தில் நீரைப் பற்றியும் கேளுங்கள். ஊற்று எங்கே இருக்கிறது? ஆவணியிலும் அது ஓடுமா? அதற்கு மேலே யாருடைய கழிவு இறங்குகிறது? கிருமிப் பரிசோதனை எப்போது நடந்தது? கையில் உங்கள் கொப்பியையும் கொண்டு செல்லுங்கள். “தண்ணி சரியில்லை” என்று வாயால் சொன்னால் “பார்ப்போம்” என்பார்கள். நாளும் நேரமும் இடமும் எழுதிய எண்களைக் காட்டும்போது அப்படித் தட்டிக்கழிப்பது எளிதன்று.