பம்பு ஸ்டார்டர் பெட்டியைத் திறக்குமுன்

சென்னைச் சைதாப்பேட்டையில் சர்க்கார் பண்ணை ஏற்பட்ட 1860-களில் நீராவிக் கலப்பைகள் சீமையிலிருந்து தருவிக்கப்பட்டன. நீராவி யந்திரம் அடங்கியதா இல்லையா என்பதைப் புகையும் சூடுமே காட்டிவிடும். மின்சார மோட்டாரோ அவ்விதம் ஒன்றும் காட்டுவதில்லை. மோட்டார் நின்றிருப்பது மின்சாரம் இல்லை என்பதற்கு அடையாளமன்று.

முதலில் மோட்டாரின் பெயர்த்தகட்டை வாசித்தல் வேண்டும். 5 குதிரைசக்தி, 415 வோல்ட், 50 சைக்கிள், நிமிஷத்திற்கு 1440 சுற்று என்றிருப்பின் அது மும்முனை மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார். முழு வேலையில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்டரிலுள்ள ரிலேயைத் தகட்டிற் கண்ட ஆம்பியருக்கே வைக்கவேண்டும். அடிக்கடி விழுகிறதென்று அதனைக் கூட்டி வைத்தால் காயில் கருகிப்போம். சுழி பார்த்து மாடு பிடிப்பவர்கள் தகடு பாராமல் பழைய மோட்டார் வாங்குவது விந்தையே.

அடுத்தது பெட்டி. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் நிற்குமேயன்றி, பெட்டிக்குள் வரும் மூன்று கம்பிகளிலும் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். ஆட்டோ ஸ்டார்டராயின் அபாயம் அதிகம். நின்ற மின்சாரம் திரும்பியவுடன் மோட்டார் தானே கிளம்பும். செல்போனால் இயங்குவதாயின், வீட்டிலிருப்பவர் அறியாமல் ஓட்டிவிடவுங் கூடும்.

மும்முனை மின்சாரம் இல்லாத வேளையில் கண்டென்சர் சேர்த்து ஓட்டும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. மோட்டாருக்கு அது நன்மையன்று. அன்றியும், மெயினை நிறுத்திய பின்னரும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கக் கூடும். வேகம் மாற்றும் டிரைவு பெட்டியிலோ சுமார் 580 வோல்ட் தேங்கி நிற்கும். மூடியில் எழுதியுள்ள நிமிஷங்கள் கழியுமட்டும் அதனைத் திறக்கலாகாது. சூரிய சக்திப் பம்பில் வெயில் உள்ளவரை தகடுகளினின்று வரும் கம்பிகளில் மின்சாரம் உண்டு. அதற்குரிய தனிச் சுவிச்சையும் நிறுத்தவேண்டும்.

ஆதலால் மெயினை நிறுத்தி, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி, வேலை செய்பவர் தம் மடியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம். ஒரு பியூஸை மட்டும் எடுப்பது போதாது. மற்றக் கம்பிகளின் மின்சாரம் மோட்டாரின் காயில் வழியாக அந்த மூன்றாவது கம்பியிலும் வந்து நிற்கும். பின்னர் இரண்டு பல்புகளை வரிசையாக இணைத்த சோதனை விளக்கினால் ஒவ்வொரு கம்பியையும் பார்க்கவேண்டும். அவ்விளக்கு எரியக்கூடியதுதானா என்பதை முன்னதாகவே வேறு மின்சாரத்தில் சோதித்துக்கொள்வது அவசியம். கண்டென்சரில் தங்கியதையும் இவ்விளக்கைக் கொண்டே வடிக்கலாம். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கச் செய்வது தகாது.

டிரான்ஸ்பார்மர் பியூஸைக் குடியானவர்கள் தாமே போட ஏறுவதைக் கிராம அதிகாரிகள் தடுத்து, லயன்மேனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அதற்கு மேலுள்ள கம்பியில் 11,000 வோல்ட் உண்டு.