தேரிக்காட்டு நிலாவாரை: நிறம் காத்தால் காசு

முத்துக்குப் பேர் பெற்ற தூத்துக்குடிக் கரையில் இருந்து கப்பலேறும் இலை ஒன்று உண்டு. அது நிலாவாரை. நம் பக்கத்து விவசாயிகள் 'அவுரி' என்றே சொல்வார்கள். சாயம் எடுக்கும் நீல அவுரி வேறு செடி. விதை வாங்கும்போது இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

உலகச் சந்தையில் இதன் பெயர் 'தின்னவேலி சென்னா'. 1986ல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆவதற்கு முன் இது திருநெல்வேலிச் சீமை என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடு மலச்சிக்கலுக்கு மருந்து. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை மாற்றிய பிறகே வேலை செய்யும். அதனால்தான் இரவில் சாப்பிட்டால் காலையில் பலன் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது.

செம்மண், மணல் கலந்த நிலம், வறட்சி எல்லாம் இதற்கு ஒத்துவரும். ஆடு, மாடு பொதுவாகக் கடிப்பதில்லை. ஆனால் தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும். வடிகால் இல்லாத நிலத்தில் விதைக்காதீர்கள்.

மானாவாரியில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி விதைக்கலாம். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியின் கே.கே.எம். 1 ரகம் நம் பகுதிக்கு ஏற்றது. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். விதைத்தோல் கடினமானது. சொரசொரப்பான மணலோடு தேய்த்து, இரவு முழுதும் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இலையைத் தின்னும். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். மருந்துக்குப் போகும் இலை என்பதால் ரசாயன எச்சம் இருந்தால் ஏற்றுமதியில் கழித்துவிடுவார்கள்.

விதைத்த 60 முதல் 70 நாளில் முதல் பறிப்பு. அதன்பின் மாதம் ஒருமுறை வீதம் இன்னும் இரண்டு பறிப்பு கிடைக்கும். மானாவாரியில் ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் காய்ந்த இலை எடுக்கலாம். காயை முற்றிக் கறுக்க விடாமல் பறியுங்கள்.

லாபமும் நட்டமும் முடிவாவது காயவைக்கும் இடத்தில்தான். முத்தைப் போலவே இலையையும் நிறம் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, 7 முதல் 10 நாள் உலர்த்துங்கள். பச்சை கலந்த மஞ்சள் நிறம் நிற்க வேண்டும். குவித்து வைத்தாலோ, மழை பட்டாலோ இலை கறுக்கும். மூன்று மாத உழைப்பு அடிமாட்டு விலைக்குப் போகும். கூரையும் தார்ப்பாயும் தயார் செய்துவிட்டுப் பறிப்பில் இறங்குங்கள்.

குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லாத பயிர் இது. இரண்டு, மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்ட பிறகு விதையுங்கள். முதல் ஆண்டு அரை ஏக்கர் போதும்.

வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் விளைகிறதே என்று தினமும் கஷாயம் குடிக்காதீர்கள். தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் பொட்டாசியம் குறையும். கர்ப்பிணிகள், குழந்தைகள், கடும் வயிற்றுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.