வீடு தேடி வந்த வைத்தியம்

தறியில் அமர்ந்து நெய்பவருக்கு ஓயாத இருமலும் மாலைக் காய்ச்சலும் கண்டு உடல் மெலியத் தொடங்கினால், அந்த வீட்டில் முதலில் எழும் கவலை நோயைப் பற்றியதன்று. தறி நின்றுவிடுமே என்பதுதான். பாவு பாதியில் நிற்கும், கூலி நின்றுபோகும், கடன் ஏறும். உழவர் வீட்டிலும் நிலைமை இதுவே. க்ஷயரோகத்தைப் பலர் மறைத்து வைத்ததற்கு இக்கவலையே பெரிய காரணம். இதற்கு விடை காண நமது சென்னை நகரில் உழைத்த டாக்டர் ஒருவரின் வரலாற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கு எழுதுகிறோம்.

அவர் பெயர் வாலஸ் பாக்ஸ். 1920-ல் பிறந்தவர், பிரிட்டன் நாட்டவர், நெஞ்சு நோய் வைத்தியத்தில் தேர்ந்தவர். அவர் தொழிலில் இறங்கிய நாட்களில் க்ஷயரோகத்திற்கு ஓய்வும், நல்ல உணவும், தூய காற்றும், ஆரோக்கிய நிலையத்தில் நெடுநாள் வாசமுமே சிகிச்சை எனக் கொள்ளப்பட்டன. பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் ஆகிய மருந்துகள் வந்தன. 1952-ல் ஐசோநையாசிட் என்னும் மலிவான மாத்திரையும் புழக்கத்திற்கு வந்தது. மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் நம் நாட்டிலோ நோயாளர் பல லட்சம். படுக்கைகளோ மிகச் சில. படுக்கை கிடைக்காதவரை என் செய்வது?

இவ்வினாவிற்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி, 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை நிறுவின. அதன் பணியை முன்னின்று நடத்த வந்தவரே டாக்டர் பாக்ஸ். 1961 வரை அவர் இங்கேயே தங்கிப் பணிபுரிந்தார்.

அவர் நடத்திய சோதனை எளிமையானது. ஆனால் துணிவு மிக்கது. நகரின் ஏழை மக்களிடையே நோயுற்ற 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். யார் எப்பிரிவு என்பதை வைத்தியர் விருப்பத்திற்கு விடாமல், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்திற்குச் சென்றனர். மற்றவர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோநையாசிடும் பாஸும் ஒன்றுபோலவே கொடுக்கப்பட்டன.

ஆரோக்கிய நிலையத்தில் இருந்தோருக்கு நல்ல உணவும், ஓய்வும், தாதியர் கவனிப்பும் உண்டு. வீட்டில் இருந்தோருக்கோ நெருக்கமான குடியிருப்பும், போதாத உணவும், ஓயாத வேலையுமே வாய்த்தன. ஆயினும் ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தோரில் நூற்றுக்கு 86 பேருக்கும், ஆரோக்கிய நிலையத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. நல்ல உணவு உண்டவர்களின் உடல் எடை மிகுதியாக ஏறியது உண்மை. எனினும் நோயை வென்றது மருந்தே. வீட்டாருக்குத் தொற்று மிகுமோ என அஞ்சியதும் பொய்த்தது. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்கு அதிக ஆபத்து நேரவில்லை எனக் கண்டார்கள். 1959-ல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

ஆனால் டாக்டர் பாக்ஸ் இத்துடன் நிறைவடையவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டால் அது வயிற்றுக்குள் போயிற்று என்று பொருளாகுமா? முன்னறிவிப்பின்றி வீடுகளுக்கு ஆள் அனுப்பி மீதமிருந்த மருந்தை எண்ணச் செய்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இருமல் நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுவோர் பலர் எனத் தெரிந்தது. இதில் நோயாளியைப் பழிப்பதில் பயனில்லை. உடல் தேறியவன் வேலைக்கு ஓடுவது இயல்பே. ஆகவே, வாரம் இரு முறை ஊழியர் முன்னிலையிலேயே மருந்து தரும் முறையை அந்நிலையம் பின்னர் சோதித்து வெற்றி கண்டது.

தாயகம் திரும்பிய பின்னும் அவர் ஓயவில்லை. ஒன்றரை ஆண்டு வரை நீண்ட சிகிச்சையை, ரிபாம்பிசின், பைராசினமைட் முதலிய மருந்துகளின் துணையால் ஆறு மாதமாகச் சுருக்கிய ஆராய்ச்சிகளில் முன்னணியில் நின்றார். 2010-ல் அவர் காலமானார். சேத்துப்பட்டு நிலையம் இன்று தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் என்ற பெயருடன் பணியாற்றி வருகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துப் பார்ப்பதில் வெட்கம் வேண்டா. அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். உணவுக்கென நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018-ல் தொடங்கி, 2024 நவம்பரில் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்ந்தது. சாதாரண க்ஷயத்திற்கு ஆறு மாதம் மருந்து உண்டால் போதும். இடையில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுக்கும்.

நெய்தவன் அறிவான்: ஓர் இழை அறுந்ததைக் கண்டதும் முடிச்சிடாவிட்டால் புடவையே பழுதாகும். சங்கத்தில் ஓர் அங்கத்தினர் நோயுற்றால், தவணைக்கு நெருக்குமுன் மருந்து உண்டீரா எனக் கேட்பதும் கூட்டுறவின் கடமையே. அவர் குணமடைந்து தறிக்குத் திரும்பும் நாள் சங்கத்திற்கும் நல்ல நாள் அன்றோ!