தொலைந்த சர்வீஸ் புக்குக்கு என்ன விலை?

பழைய கார், புதுக் கணக்கு – 9

“எல்லாம் கம்பெனி சர்வீஸ்தான் சார். வீடு மாத்தும்போது புக்கு எங்கேயோ போயிடுச்சு.”

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்புவது அபூர்வம். மைசூரில் இதற்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. வண்டி குடகுப் பக்கத்திலிருந்து வந்திருந்தால், “ஓனர் பிளான்டர் சார், ரொம்ப நீட்டா வச்சிருந்தார்” என்பார்கள். சென்னையில் டாக்டர் ஓட்டிய வண்டிக்கு இருக்கும் மரியாதை இங்கே காப்பித் தோட்டக்காரர் ஓட்டிய வண்டிக்கு. டாக்டரும் சரி, பிளான்டரும் சரி, ஆயில் மாற்ற மறந்தால் இன்ஜின் அவர்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் காட்டாது.

டிங்கரிங், பெயின்ட் சங்கதிகளைச் சென்ற வாரமே முடித்துவிட்டோம். வண்டி பிடித்திருக்கிறது, ஓட்டிப் பார்த்தும் திருப்தி, ஆனால் சர்வீஸ் ரெகார்டு மட்டும் இல்லை. இந்த வண்டிக்கு விலை பேசுவது எப்படி?

ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ரெகார்டு இல்லை என்பதாலேயே அது மோசமான வண்டி ஆகிவிடாது. வாரன்டி முடிந்ததும் நம்மில் பெரும்பாலோர் வெளி மெக்கானிக்கிடம் போய்விடுகிறோம். அவர் நல்ல ஆயில்தான் ஊற்றுவார், வேலையும் சுத்தமாக இருக்கும். பில் மட்டும் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கூட்டல் கணக்காகக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், ஒழுங்காகப் பராமரித்தவரும் அதே வசனத்தைச் சொல்கிறார், ஆயில் டிப்ஸ்டிக்கை உருவியே பார்க்காதவரும் அதையே சொல்கிறார். வாங்குகிறவருக்கு இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

இதை வைத்தே ஒருவர் நோபல் பரிசு வாங்கினார். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. நான்காவது இதழில் 1970-இல் வெளிவந்த அந்தக் கட்டுரைதான் 2001-இல் அவரை நோபல் மேடைக்குக் கொண்டுபோனது. அவர் சொன்னது இதுதான். நல்ல வண்டி எது, சொத்தை வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாததால் எல்லா வண்டிக்கும் அவர் நடுத்தர விலைதான் கேட்பார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் விற்காமல் ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் சொத்தைகளின் விகிதம் கூடும், விலை இன்னும் இறங்கும். அகெர்லாஃப் 1967-68-இல் ஓராண்டு இந்தியாவில் தங்கியிருந்தவர். கடை அரிசியில் அதே நிறத்தில், அதே வடிவத்தில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லை இந்தியக் குடும்பப் பெண்கள் பொறுக்கியாக வேண்டியிருப்பது பற்றியும் அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். பழைய கார் வாங்கும் யாருக்கும் அவர் சொல்ல வந்தது அந்த இடத்தில் பளிச்சென்று புரிந்துவிடும்.

பெல்ஜியத்தில் கல் பொறுக்கும் வேலையைச் சட்டமே எடுத்துக்கொண்டது. 2006 கடைசியிலிருந்து அங்கே கார்-பாஸ் என்ற சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. வண்டி எந்தக் கராஜுக்குப் போனாலும் அன்றைய கிலோமீட்டரை அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். விற்கும்போது அந்த வரிசை முழுவதும் ஒரே தாளில் வந்துவிடும். நம் ஊரில் அந்தத் தாளை நாமே தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு வழி இருக்கிறது. வண்டி உண்மையிலேயே கம்பெனி சர்வீஸில் இருந்திருந்தால், புக்கு தொலைந்தாலும் கம்பெனி கம்ப்யூட்டரில் விவரம் தொலையாது. ஓனரையும் கூட்டிக்கொண்டு அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போய் நம்பரைச் சொன்னால் போதும். “இப்பவே போய்க் கேட்டுடலாமா சார்?” என்று கேட்டுப் பாருங்கள், பாதி உண்மை முகத்திலேயே தெரிந்துவிடும். அடுத்து பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளைம் போனஸ் எவ்வளவு என்று போட்டிருக்கும். 50 சதவீதம் இருந்தால் வரிசையாக ஐந்து வருடம் கிளைம் இல்லை என்று பொருள். பூஜ்யமாக இருந்தால் சமீபத்தில் ஏதோ நடந்திருக்கிறது, என்னவென்று கேட்க வேண்டும். (இந்த போனஸ் வண்டியோடு வராது, ஓனரோடு போய்விடும். ஓனர் தன் முந்தைய வண்டியிலிருந்தும் அதைக் கொண்டுவந்திருக்கலாம். அதனால் ஒரு பாலிசியை மட்டும் பார்த்து ஏமாறாமல் இரண்டு மூன்று வருடத்துப் பாலிசிகளைக் கேளுங்கள்.)

ஃபாஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். 2021 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். பெங்களூரு – மைசூரு புதுச் சாலை திறந்து டோல் வசூல் தொடங்கியது 2023 மார்ச்சில். “மைசூருக்குள்ள மட்டும்தான் சார் ஓட்டுவோம்” என்கிறவரின் ஸ்டேட்மென்ட்டில் வாரா வாரம் போக வர டோல் விழுந்திருந்தால், மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டியதில்லை. டிஜிட்டல் மீட்டரைத் திருப்ப ஒரு லேப்டாப்பும் கொஞ்ச நேரமும் போதும். டோல் கணக்கை அப்படித் திருப்ப முடியாது.

இத்தனைக்கும் பிறகு தெரியாமல் நிற்கிற விஷயங்களுக்குத்தான் பேரம். இங்கே பலர் செய்வது, “புக்கு இல்லையா, அப்ப இருபதாயிரம் குறைச்சுக்கோங்க” என்று மொட்டையாக ஒரு தொகை சொல்வது. விற்பவர் பத்து என்பார், பதினைந்தில் முடியும். இது கணக்கே இல்லை. புக்கு இல்லாததன் விலை வண்டிக்கு வண்டி மாறும். ஸ்விஃப்ட் 1.3 டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டைமிங் செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றினால் செயின் பெரிதாகத் தொல்லை தராது. அதே விலையில் ஒரு டஸ்டர் 1.5 டீசல் நிற்கிறது. அதில் டைமிங் பெல்ட். குறித்த காலத்தில் மாற்றாமல் விட்டு, ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். அப்புறம் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். புக்கு இரண்டு வண்டிக்கும்தான் இல்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரே தொகையைக் குறைப்பது எப்படி நியாயமாகும்?

ஆகவே, சான்று இல்லாத வேலை எதுவானாலும் அது நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு, மெக்கானிக்கிடம் அதற்கான செலவை எழுதி வாங்க வேண்டும். பேரத்தில் பேச வேண்டியது அந்தச் சீட்டுதான்.

நண்பரின் மகனுக்காக அப்படி ஒரு வண்டி பார்க்கப் போயிருந்தோம். 2014 மாடல் டஸ்டர் டீசல், கே.ஏ. 09 நம்பர், மீட்டரில் 88,000 கிலோமீட்டர். ஓனர் விஜயநகரில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழர், பல வருடம் மடிக்கேரியில் இருந்தவர். கேட்ட விலை 4,40,000. மண்டி மொஹல்லாவிலிருந்து பாய் ஒருவரை மெக்கானிக்காகக் கூட்டிப் போனோம். அவர் போட்ட ஒரே நிபந்தனை காலை ஏழு மணிக்குப் போக வேண்டும், அதற்கு முன் யாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருக்கக் கூடாது. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. சூடாக இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன் என்றார். ஜில்லென்ற டீசல் இன்ஜின் முதல் முறை எப்படிப் பிடிக்கிறது, என்ன புகை விடுகிறது என்பதை அவர் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து நேராகச் சாமுண்டி மலை. ஓட்டிப் பார்க்க மைசூர்க்காரர்களுக்கு வாய்த்த இடம் அது. நகரத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் ஏற்றம். ஏறும்போது டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது, மூன்றாவது கியரில் மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் இருக்கிறதா, இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா, எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இந்த வண்டி நன்றாகவே ஏறியது. கிளட்ச் பிடிக்கிறது, எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார் பாய். டயரின் பக்கவாட்டில் 3117 என்ற எண்ணைக் காட்டினார். 2017-இன் 31-ஆவது வாரத்தில் செய்தது. 2014 வண்டிக்கு மூன்றே வருடத்தில் டயர் மாற்றியிருக்கிறார்கள், பிறகு மாற்றவே இல்லை. ஆரம்பத்தில் நிறைய ஓடி அப்புறம் ஓட்டம் குறைந்த வண்டி. ஆக, 88,000 நம்பக்கூடிய எண்தான்.

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து பாய் சீட்டு எழுதினார். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் 19,000. கிளட்ச் செட் 22,000. நாலு டயர் 36,000. லோயர் ஆர்ம், புஷ் 11,000. ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் 10,000. மொத்தம் 98,000.

“பெல்ட்டு, கிளட்ச் ரெண்டும் மாத்தியாச்சு தம்பி” என்றார் ஓனர்.

“பில் இருக்குங்களா சார்?”

“பில்லெல்லாம் யாருப்பா வச்சிக்கிட்டிருக்கா?”

பையன் பேசாமல் இருந்தான். பாய்தான், “மாத்தியிருப்பீங்க சார், இல்லேன்னு சொல்லல. மாத்தினவர் நம்பர் இருந்தா ஒரு போன் போடுங்க” என்றார். ஓனர் மடிக்கேரி மெக்கானிக்கை அழைத்தார். ஸ்பீக்கரில் கன்னடத்தில் பேச்சு. கிளட்ச் மாற்றியது அவருக்கு நினைவிருந்தது. சற்று நேரத்தில் 2022 பில்லின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. பெல்ட் பற்றிக் கேட்டதற்கு, தான் மாற்றியதாக ஞாபகம் இல்லை என்றார்.

பாய் சீட்டில் கிளட்சை அடித்தார். ஒரு போட்டோ ஓனருக்கு 22,000 ரூபாய் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. அகெர்லாஃப் அந்தத் திண்ணையில் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

டயரில் ஓனர் விடவில்லை. “இத்தனை வருஷத்து வண்டியில புது டயரா தம்பி இருக்கும்? அதுக்கும் சேர்த்துத்தானே விலை சொல்லியிருக்கேன்” என்றார். அவர் சொன்னது நியாயம். கண்ணுக்குத் தெரிகிற தேய்மானம் பழைய வண்டி விலையில் ஏற்கெனவே அடக்கம். அதை முழுசாகக் கழிக்கச் சொல்வது பேரமில்லை, அடாவடி. டயரில் பாதி என்று பேசி, 98,000 என்று தொடங்கிய சீட்டு 58,000-இல் வந்து நின்றது. 3,82,000-க்கும் நாலு லட்சத்துக்கும் இடையே கொஞ்சம் இழுபறி, இரண்டு முறை காப்பி. 3,85,000-இல் முடிந்தது. இரண்டு பக்கமும் குரல் உயரவே இல்லை. பேசியது முழுக்கச் சீட்டில் இருந்த வரிகளைப் பற்றித்தான், ஓனர் பொய் சொல்கிறாரா என்ற பேச்சே எழவில்லை. வயதில் பெரியவரிடம் விலை பேசும்போது இது பெரிய சௌகரியம்.

டீலரிடம் வாங்கினால் ஒரு வார்த்தை. “ஜி.எஸ்.டி. 18 பர்சென்ட் தனி” என்று மொத்த விலைக்கும் வரி போட்டுக் காட்டினால் சம்மதிக்காதீர்கள். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய வண்டிகளுக்கு 18 சதவீதம் என்று முடிவு செய்தது டீலரின் லாபத்துக்கு மட்டும். தனி ஆளிடமிருந்து தனி ஆள் வாங்கினால் அதுவும் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் புதுச் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததும் நினைவிருக்கட்டும். அதே மாடல் புதிதாக இன்று என்ன விலை என்று தெரிந்துகொண்டு போங்கள். பழைய ஷோரூம் விலையை மனதில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எந்த விலைக்கும் வாங்கக் கூடாத வண்டிகளும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளமும் குடகும், 2022 செப்டம்பரில் பெங்களூரு. இந்த வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் துடைக்கப்பட்டு எங்கெங்கோ விற்பனைக்குப் போயின. எல்லா ஊருக்கும் நடுவில் இருக்கும் மைசூருக்கு மட்டும் ஒன்றும் வராது என்று நினைக்க முகாந்திரமில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் கிளம்பிவிடுங்கள். சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டாலும் அப்படியே. ஒரு லட்சம் குறைத்தாலும் அந்த வண்டி லாபமில்லை.

விலை படிந்ததும் பணத்தை முழுசாக எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-உம் கைக்கு வர வேண்டும். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் தேதி போட்டு, வாங்குபவர் பெயர் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். புரோக்கர்கள் விரும்புவது வெற்று ஃபார்மில் கையெழுத்து. அந்த ஃபார்மோடு வண்டி நாலு கை மாறும், ஆர்.டி.ஓ. புத்தகத்தில் முதல் ஆள் பெயரே நிற்கும். விற்றுவிட்டோமே என்று அந்த முதல் ஆள் நிம்மதியாக இருக்க முடியாது. அப்படிக் கைமாறிய ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால், ஆர்.சி. பெயர் மாறும் வரை இருபதாயிரமோ இருபத்தைந்தாயிரமோ நிறுத்தி வைப்பதற்கு விற்பவரே சம்மதிப்பார். விஜயநகர்க்காரர் சம்மதித்தார். மறுநாளே பையனைக் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு முதலில் கிளம்பியதும் அவர்தான்.

(அடுத்த வாரம்: டி.என். நம்பர் வண்டியை மைசூரில் மலிவாக வாங்கினால், கர்நாடகத்தின் ஆயுள் வரி எவ்வளவு கடிக்கும்?)