பட்டை வண்டும் பைன் மரமும்



பால் மரத்தின் பட்டையில் கத்தி பட்டதும் பால் வடிகிறது. வடிந்து ஓய்ந்தபின் எஞ்சியது வெட்டிலேயே உறைந்துவிடுகிறது. நாம் அதை ஒட்டுப்பால் என்று உரித்தெடுக்கிறோம். மரத்துக்கோ அது காயத்துக்கு இட்ட கட்டு. குளிர்நாடுகளில் வளரும் பைன் மரத்துக்கும் இத்தகைய காப்பு உண்டு. அது பாலன்று, பிசின். அந்தக் காப்பை அரிசி மணியளவே உள்ள ஒரு வண்டு எப்படி உடைக்கிறது என்பதை இன்று காண்போம்.

கனடாவின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் மாநிலம் இருக்கிறது. அங்குள்ள காடுகளில் லாட்ஜ்போல் பைன் மரங்கள் ஏராளம். அவற்றின் பகைதான் மலைப் பைன் வண்டு. நிறம் கறுப்பு, நீளம் சுமார் 5 மில்லிமீட்டர்.

கோடையில் பெண் வண்டு பறந்து வந்து பட்டையைத் துளைக்கும். உடனே பிசின் பொங்கி வரும். வண்டு அதில் சிக்கிச் சாகும். அல்லது வெளியே தள்ளப்படும். தப்பி உள்ளே போனாலும் மரம் விடுவதில்லை. துளையைச் சுற்றியுள்ள தன் சதையைத் தானே சாகவிட்டு, அவ்விடத்தைப் பிசினாலும் நஞ்சாலும் நிரப்பிவிடும். ஆகவே, திடமான மரத்திடம் பத்திருபது வண்டுகளின் ஜம்பம் பலிக்காது.

அப்படியானால் வண்டு வெல்வது எப்படி? இரண்டு துணைகளைக் கொண்டுதான்.

முதல் துணை கூட்டம். பைன் பிசினில் ஆல்பா பைனீன் என்ற பொருள் உண்டு. டர்பன்டைன் எண்ணெயிலும் அது இருக்கிறது. பெண் வண்டு அதைத் தன் உடலில் மாற்றி, வேறொரு வாசனையாக வெளிவிடுகிறது. அது மற்ற வண்டுகளுக்கு அழைப்பு! விரட்டுவதற்கு மரம் வைத்திருந்த மருந்தே வண்டுக்கு அழைப்பு மணியாகிவிடுகிறது. நூற்றுக்கணக்கில் வண்டுகள் வந்து துளைத்தால் பிசின் ஈடுகொடுக்காது.

இரண்டாம் துணை பூஞ்சணம். பழைய ரொட்டியில் பூக்கிறதே, அந்த இனந்தான். வண்டு அதைத் தன் வாயருகே உள்ள நுண்ணிய பைகளில் சுமந்து வருகிறது. அது மரத்துக்குள் பரவி, நீர் ஏறும் பாதையை அடைக்கிறது. மரக்கட்டை நீலம் பாய்கிறது. வண்டின் புழுக்களுக்கும் அதுவே சத்துணவு. புழுக்களோ, இலையிலிருந்து உணவு இறங்கும் உட்பட்டையைத் தின்கின்றன. மேலே நீர் ஏறாது. கீழே உணவு இறங்காது. மறுகோடையில் பச்சை மரம் செந்நிறமாகி நிற்கும்.

முன்பெல்லாம் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கும் கடுங்குளிர் புழுக்களைக் கொன்றுவந்தது. குளிர்காலம் இளகியது, கோடை வறண்டு மரங்களும் தளர்ந்தன. காட்டுத்தீயை அணைத்தணைத்து முதிர்ந்த மரங்களும் பெருகியிருந்தன. 1990-களில் தொடங்கிய தாக்குதல் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டர் காட்டைப் பாதித்தது. இது தீபகற்ப மலேசியாவைவிடப் பெரிய பரப்பு. வெட்டி விற்கத்தக்க பைன் மரங்களில் பாதிக்கு மேல் மாண்டன. 2014-ஆம் ஆண்டில் குவெஸ்னல், ஹூஸ்டன் ஆகிய ஊர்களில் மர ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.

வண்டு புகுந்த மரத்தை, அடுத்த கோடையில் புதிய வண்டுகள் பறப்பதற்குமுன் வெட்டி எரிப்பது அங்கே கையாளும் ஒரு வழி. வண்டுகள் சிலவாக இருக்கும்போதே அது பயன் தரும். காடு முழுவதும் சிவந்தபின் எந்தக் கோடரியும் ஈடுகொடுக்காது.