பழைய பாயைப் புதுப்பிக்கலாமா?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கச்சான் காற்று ஓங்கி வீசும்போது நடு வாவியிலே பாய் கிழிந்தால், தோணியைக் கரைசேர்ப்பது எளிதன்று. ஆதலின், கறுத்துப்போன பழைய பாயைக் கூலி கொடுத்துத் துப்புரவு செய்விப்பதா, புதியது வாங்குவதா என்பது சிறிய வினாவன்று.

பாயைக் கெடுப்பது அழுக்கு மட்டுமன்று. துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அவ்வீரத்திலே பூஞ்சணம் பிடித்துப் பருத்தி நூலை அரிக்கும். முன்னாளிற் பருத்தி வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றிலே தோய்த்தெடுத்ததும் இக்காரணம் பற்றியே. அதன் துவர்ப்பு நூலைக் காத்தது. (பனிச்சங்கேணி என்னும் ஊர்ப்பெயர் அம்மரத்தை இன்றும் நினைவூட்டுகிறது.) 1941இல் இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்ட டெரிலீன் போன்ற செயற்கை இழையைப் பூஞ்சணம் அரிப்பதில்லை; கறை மட்டுமே படியும். வெயிலோ அதனையும் விடுவதில்லை.

உப்பையும் பூஞ்சணத்தையும் தொழில் தெரிந்தவர் நீக்கிவிடுவர். வெயிலில் இற்றுப்போன இழைக்கு வலிமையை மீட்டுத்தர எவராலும் இயலாது. எனவே, கூலி பேசுமுன் தையலை நகத்தாற் கீறிப் பார்த்தல் வேண்டும். தையல்நூல் மட்டும் அறுந்து, துணி உறுதியாயிருப்பின், துப்புரவு செய்வித்து மறுதையல் இடலாம், செலவு வீணாகாது. துணியே விரலுக்குக் கிழியுமாயின், அதனை வெளுப்பித்து யாது பயன்? அது பந்தலுக்கு மேற்கட்டியாக உதவும், வாவிக்கு உதவாது.

வெளுப்புத்தூளிட்டுக் கல்லில் அடித்துத் துவைப்பவரிடம் நல்ல பாயையும் ஒப்படைத்தல் ஆகாது. வாவியிலே அலசுவதும் போதாது, அந்நீரிலும் உப்புண்டு. மாரி தொடங்குமுன் கிணற்று நன்னீரில் அலசி, நிழலில் முற்றும் உலர்த்திச் சுருட்டி வைப்போருக்கு இக்கூலிச் செலவு நெடுநாள் வாராது.